மாம்பழத்தோல் சப்பாத்தியைத் தேடி ஒரகடத்துக்கு

வேலூரில் காலை ஆறரை மணிக்குச் சென்னைப் பேருந்தில் ஏறியபோது என் கைப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. அது குடிப்பதற்கல்ல, வீட்டுக்காரரின் திருப்திக்காக. வெளியூர் கிளம்பும் நாளில் காலைக் காப்பியோடு வாயைக் கட்டிக்கொள்வேன். வழியில் கழிப்பறை தேடி அலைவதைவிடத் தாகம் எவ்வளவோ மேல் என்பது என் பயண சாஸ்திரம்.

நான் போன காரியம் மாம்பழத்தோல். பள்ளி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த ரெஜினா, இப்போது ஒரகடத்தில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் மெஸ் நடத்துகிறாள். பக்கத்துப் பழச்சாறு ஆலை கழித்துப்போடும் தோலைக் காயவைத்து அரைத்து, கோதுமை மாவில் கலந்து சப்பாத்தி போடுவதாகப் போனில் சொன்னாள். பத்திரிகைகளுக்குச் சமையல் குறிப்பு எழுதிக் காலம் தள்ளும் எனக்கு இதைவிட வேறென்ன அழைப்பு வேண்டும்?

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் சாலை முழுக்கக் கம்பெனி பேருந்துகள். ஜன்னலோரம் கழுத்தில் அடையாள அட்டையோடு இளம்பெண்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஒரகடத்துக்கு நாற்பது ரூபாய், பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம்.

"எங்கம்மா எறங்கணும்?" என்றார் ஓட்டுநர்.

"கூட்டுரோடு பக்கத்துல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்."

"ஒரு ஹாஸ்டலா? வூட்டுக்கு வூடு ஹாஸ்டல்தாம்மா. எங்க வூட்டு மாடியிலகூட பதினாறு பொண்ணுங்க கீதுங்க. நாங்க கீழ ஒரே ரூம்ல கீறோம்."

வருத்தமாகச் சொல்லவில்லை. வாடகை வருகிற திருப்தி குரலில் இருந்தது. வல்லம், மாத்தூர் என்று ஊர்ப் பெயர்கள் பலகையில் மட்டும் வந்துபோயின. பலகைக்குப் பின்னால் மதில்சுவரும், புதுக் கார்களைச் சுமந்து வரிசையில் நிற்கும் நீண்ட லாரிகளும்தான்.

ரெஜினா கூட்டுரோட்டில் ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். ஹாஸ்டலுக்குப் போனதும் சொம்பு நிறையத் தண்ணீர் நீட்டினாள். "அப்புறம் குடிக்கிறேன், திரும்பப் போகணுமே" என்று ஓரமாக வைத்தேன். அவளும் எதிரே உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தாள். என்னை வரவழைத்தது கட்டுரைக்காக அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது.

"இந்தப் பொண்ணுங்களுக்கு வெளிக்கே சரியா போறதில்லடி. ஷிப்ட் மாறி மாறி வயிறு கெட்டுப்போச்சு. தோல்ல நாருச்சத்து கீதுன்னாங்க, பாவம் நல்லாகட்டும்னு போட்டேன். மூணு வாரமா போடுறேன், முன்னைக்கு இப்ப மோசம். வயித்தைப் புடிச்சிகினு சுருண்டுக்குதுங்க. இன்னொரு பொண்ணு வயித்துவலின்னு சொன்னா மெஸ்ஸை வேற ஆளுக்கு வுட்டுடுவேன்னு ஓனர் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கெழம வராரு. நீ சமையல் எழுதுறவளாச்சே, எங்க தப்புன்னு பாத்துச் சொல்லு."

எழுதுவதற்கும் தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரத்தை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "பார்ப்போம்" என்றேன்.

முதலில் ஆலைக்குப் போனோம். பின்வாசலில் நீல டிரம்களில் பெங்களூரா ரக மாம்பழத் தோலும் கொட்டையும் நிறைந்திருந்தன. சாறு பெட்டியில் ஏறிப் போக, மிச்சமெல்லாம் இங்கே ஈ மொய்க்கக் கிடந்தது. வாசனை மட்டும் கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்யும் சதீஷ் என்ற இளைஞர் ரெஜினாவுக்காக அன்றைய புதுத்தோலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"சதையைவிடத் தோல்லதான் மேடம் நார்ச்சத்து ஜாஸ்தி. சர்க்கரை சட்டுனு ஏறாம பாத்துக்கும்னும் சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. கொட்டைப் பருப்புல நல்ல கொழுப்பு இருக்கு, க்ரீம் செய்யறாங்க. ஆனா எதையும் மருந்துன்னு மட்டும் எழுதிடாதீங்க. பூச்சிமருந்து அடிச்ச தோல், நல்லாக் கழுவணும்."

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஹாஸ்டல் மொட்டைமாடியில் ரெஜினாவின் கைவேலையைப் பார்த்தபோது குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தோலை மூன்று தண்ணீர் கழுவி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, வலை மூடிய தட்டுகளில் காயவைக்கிறாள். பத்துப் பங்கு கோதுமைக்கு ஒரு பங்குதான் பொடி. சுட்ட சப்பாத்தியில் லேசான துவர்ப்பும், மென்று முடித்தபின் மாவடு வாசனையும் இருந்தன. எனக்குப் பிடித்திருந்தது. தப்பு எங்கே என்று மட்டும் தெரியவில்லை, அதை அவளிடம் சொல்லியும்விட்டேன்.

மூன்று மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து பெண்கள் வந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் இசக்கியம்மாள் என்ற பெண், தட்டை வாங்காமலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, எனக்குச் சப்பாத்தி வேண்டாம். வயிறு கல்லு மாதிரி கெடக்கு. நாளைக்கும் இப்படித்தான்னா வேலைய விட்டுட்டு ஊருக்குப் போயிருதேன்."

ரெஜினாவின் முகம் விழுந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள், நான் உதட்டைப் பிதுக்கினேன். அவள் பார்வை என்னைத் தாண்டி, நான் காலையில் ஓரமாக வைத்த சொம்பில் போய் நின்றது. பிறகு பந்தியைப் பார்த்தாள். இருபது பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், தம்ளர்கள் கழுவிக் கவிழ்த்த அடுக்கில் அப்படியே இருந்தன.

"யாரும் தண்ணி எடுக்கலியா?" என்றாள். "ஏண்டி இசக்கி, நீ இன்னிக்கி எவ்ளோ தண்ணி குடிச்ச?"

"காலைல வாய் கொப்புளிச்சதுதான்."

"ஏன்?"

"கம்பெனில சாமான் ஓடி வார லைன்ல நின்னுட்டா எறங்க முடியாதுல்லாக்கா. பாத்ரூம் போணும்னா நம்ம எடத்துல நிக்க ரிலீவர் வரணும். லைன் முழுசுக்கும் ஒரு பிள்ளதான் ரிலீவர். ரெண்டு மட்டம் கேட்டா சூப்பர்வைசர் ஒரு மாதிரி பாக்காரு. அதுக்குத் தண்ணியே குடிக்காம இருந்துருவோம். இப்ப தாகமே எடுக்க மாட்டேங்கு, பழகிப்போச்சு."

மற்றவர்கள் தட்டைப் பார்த்தபடி தலையாட்டினார்கள். அதில் புகார் தொனி இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரெஜினா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் அப்பா பத்து மாடு வைத்திருந்தவர். "மாட்டுக்குத் தவுடு வெச்சா தண்ணி காட்டாம வுடுவோமா? உங்களுக்கு நான் தவுடு மட்டும் வெச்சிகினு இருந்துகீறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. நார் தண்ணீரை இழுத்துக்கொண்டால்தான் வயிறு இளகும். இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிக் கிடக்கும். எனக்கும் தெரிந்த விஷயம்தான், நானே எழுதியும் இருக்கிறேன்.

இசக்கிக்குச் சப்பாத்தியை நிறுத்திக் குழைந்த சோறும் ரசமும் கொடுத்தாள். சரியாகவில்லையென்றால் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னாள். தம்ளர்களைத் தானே ஒவ்வொன்றாக நிரப்பி வைத்தாள். குடிக்காதவர்களுக்கு இரண்டாவது சப்பாத்தி கிடையாது என்று அறிவிப்பும் செய்தாள்.

இசக்கி இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, "குடிச்சிருதோம். நாளைக்கு லைன்ல என்ன செய்யக்கா?" என்றாள். அந்தக் கேள்விக்கு மாம்பழத்தோலில் மருந்தில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவளே, "இன்னொரு ரிலீவர் வேணும்னு கேக்கணும். தனியாக் கேட்டாத்தான் அவரு ஒரு மாதிரி பாப்பாரு. மொத்தமாப் போயிக் கேப்போம்" என்றாள். சிலர் சிரித்தார்கள், சிலர் சரி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் வந்துபோனதைப் பிறகு போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெஸ் ரெஜினாவிடமே இருக்கிறது, இசக்கியும் ஊருக்குப் போகவில்லை. எல்லோருமாகப் போய்க் கேட்டார்கள். இரண்டாவது ரிலீவர் இன்னும் வரவில்லை.

நான் ஒரகடம் போன அன்று மாலை ஸ்ரீபெரும்புதூரில் வேலூர்ப் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் கைப்பை மடியில் கனத்தது. பாட்டில் மூடியின் சீல்கூட உடையவில்லை. அந்தப் பெண்களுக்காவது லைன் இருந்தது, சூப்பர்வைசர் இருந்தார். என்னை யார் தடுத்தார்கள் என்று யோசித்தேன். பிறகு மூடியைத் திருகி முக்கால் பாட்டில் குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தாலும் நன்றாகவே இருந்தது.

ஓச்சேரி தாண்டியதும் எதிர்பார்த்தது வந்தது. கண்டக்டரிடம் போய், அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"இன்னும் முக்கா மணி நேரத்துல வேலூரும்மா. அடக்கிக்க முடியாதா?"

"முடியாதுங்க" என்றேன், பேருந்துக்கே கேட்கும்படி.

அவர் சலிப்போடு விசில் கொடுத்தார். பங்கின் விளக்கொளியில் பேருந்து நின்றது. நான் இறங்கினேன். எனக்குப் பின்னால் ஆறு பெண்கள் இறங்கினார்கள்.