அண்ணன் பக்கம், என் பக்கம்

பொறாமை உடம்பில் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், தொப்புளுக்குச் சற்று மேலே என்று நான் சரியாகத் தொட்டுக் காட்டுவேன். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில் அந்த இடம் எனக்கு ஓயாமல் எரிந்தது. எரிய வைத்தவள் அத்தை மகள். எரிந்தது எருமப்பட்டிக்கு அந்தப்புறம் இருக்கிற எங்கள் கோழிப் பண்ணை வீட்டில்.

அவள் வருவதற்கு முன்னால் லேப்டாப் வந்தது. அண்ணன் அரசாங்கப் பள்ளியில் பிளஸ் டூ படித்ததால் அவனுக்கு இலவசமாகக் கிடைத்தது. அதை அவன் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது நான் தரையில் உருண்டு அழுதேன். எங்கள் வீட்டில் ஒரே ஒரு முறுக்கு இருந்தாலும் இரண்டாக உடைத்துத்தான் கையில் கொடுப்பார்கள். லேப்டாப்பை எப்படி உடைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா பண்ணைக்குக் கிளம்பும் அவசரத்தில் தீர்ப்புச் சொன்னார். "ரண்டு பேருக்கும் சமம். எப்படிப் பிரிச்சுக்குவீங்களோ, எனக்குச் சத்தம் மட்டும் கேக்கக் கூடாது."

அண்ணன் சிரித்தான். லேப்டாப்பே உள்ளுக்குள் இரண்டாகப் பிரித்துத்தான் வந்திருந்தது. பொத்தானை அமுக்கியதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒன்றைத் தேர்ந்தால் விண்டோஸ் திறக்கும், ஊரெல்லாம் வைத்திருப்பது. இன்னொன்றைத் தேர்ந்தால் லினக்ஸ் திறக்கும், எங்கள் ஊரில் யாரும் சீண்டாதது. "விண்டோஸ் எனக்கு, என்ற பக்கம். லினக்ஸ் பூராவும் உன்ற பக்கம், சாமி" என்றான் பெருந்தன்மையோடு. விலை போகாததை என் தலையில் கட்டிவிட்டான் என்பது எனக்குத் தெரியவில்லை. பாதி ராஜ்ஜியம் கிடைத்துவிட்டது என்று குதித்தேன்.

என் பக்கத்தில் படம் வரைகிற ஒரு விளையாட்டு இருந்தது. அதில் எங்கள் பண்ணையை முழுதாக வரைந்து வைத்தேன். கோழிகள் அடையும் செட்டுகள், தீவன லாரி, மூக்கில் துண்டு கட்டிய அம்மா, மீசை இல்லாத அண்ணனுக்கு ஒரு மீசை. தினமும் ஒரு படமாவது சேரும். என் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போடவும் மாற்றவும் அண்ணனே சொல்லிக் கொடுத்தான். "இது உன்ற ஊட்டுப் பூட்டு. யாருக்கும் சொல்லக் கூடாது. எனக்குங்கூட" என்றான். நான் அவன் பெயரையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டு, அதை அவனிடமே சொல்லாமல் இருக்கும் சந்தோஷத்தை மாதக்கணக்கில் அனுபவித்தேன்.

அப்புறம் சேலத்திலிருந்து அத்தை மகள் லீவுக்கு வந்தாள்.

அவளும் அண்ணனும் ஒரே வயது. அஸ்தம்பட்டியில் வீடு, இங்கிலீஷ் பள்ளிக்கூடம், ஸ்கூட்டி, முழங்கால் வரை முடி. காசு கட்டிப் படிக்கிற பள்ளிகளுக்கு அரசாங்கம் லேப்டாப் கொடுப்பதில்லை என்று கேள்விப்பட்டதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். அம்மா அவளை 'நங்கை' என்று கூப்பிடச் சொன்னாள். அண்ணிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. அண்ணனுக்குக் கட்டிக்கொள்ளும் முறை என்பதால் இப்போதே கூப்பிடலாமாம். நான் அவளை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏய்" என்பதை மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேன்.

கோழிப் பண்ணைக்காரர் வீட்டில் நல்ல முட்டை சாப்பிடுகிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நல்ல முட்டை அட்டையில் அடுக்கி லாரி ஏறிவிடும். கீறல் விழுந்தது, ஓடு மெலிந்தது, லாரிக்காரர் வேண்டாம் என்று கழித்தது, இவைதான் எங்களுக்கு. அத்தை மகள் வந்த மறுநாள் காலை அம்மா அட்டையிலிருந்து கீறலே இல்லாத முட்டைகளாகப் பார்த்து எடுத்தாள். அவளுக்கு அவித்து, உரித்து, மிளகுத்தூள் போட்டுக் கொடுத்தாள். எனக்கு வழக்கம்போலப் பொரியல்தான். நான் பத்து வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், எனக்கு ஒரு முழு முட்டை கிடையாதா என்று கேட்டேன். "விருந்தாளிப் புள்ளைகிட்டயா போட்டி போடுவே?" என்று அம்மா கரண்டியைக் காட்டினாள்.

முட்டை போனால் போகட்டும். அண்ணன் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் சடையை இழுக்காமல் அவனுக்கு ஒரு நாள் விடியாது. அவள் வந்ததும் என் சடையை மறந்துவிட்டான். தலையைப் படிய வாரிக்கொண்டு, லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் எதிரில் போய் உட்காருவான். "மச்சான், இதை அமுக்கினா என்னாகுமுங்க?" என்று அவள் கேட்பாள். என்னிடம் ஒரு வார்த்தையில் முடிக்கிறவன் அவளுக்குப் பத்து நிமிஷம் விளக்குவான். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். நான் அவர்களுக்கு எதிரே நின்று வேண்டுமென்றே இருமுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் அப்பாவிடம் அவள் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"மாமா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா எங்கப்பா தட்ட மாட்டாருங்க. எனக்குக் கம்ப்யூட்டர் படிக்கோணும்ங்க."

"பாக்கலாம் சாமி" என்றார் அப்பா.

என் வயிற்றில் தீ பற்றியது. இவள் லேப்டாப்பைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள்! முட்டை தின்றாள், அண்ணனை வளைத்தாள், இப்போது என் பக்கத்தையும் சேர்த்துச் சேலத்துக்கு மூட்டை கட்டப் பார்க்கிறாள். அப்பாவோ முடியாது என்று சொல்லவில்லை. அன்றைக்கே என் பாஸ்வேர்டை மாற்றினேன். அண்ணன் பெயரை அழித்துவிட்டு, இடைவெளி விடாமல், இங்கிலீஷ் எழுத்தில் 'ஊருக்குப் போ' என்று வைத்தேன். தினமும் என் பக்கத்தைத் திறக்கும்போது அவளை ஒரு முறை ஊருக்கு அனுப்பிவைக்கிற நிம்மதி எனக்குக் கிடைத்தது.

அடுத்து நடந்ததற்கு அண்ணனின் பெருமைதான் காரணம். விண்டோஸில் புதுசு வந்திருக்கிறது, இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஏற்றிக் காட்ட ஆரம்பித்தான். மொட்டை மாடியில் போனைச் சிக்னல் வரும் மூலையில் வைத்துவிட்டு, நாள் முழுக்கக் காத்துக் கிடந்து ஏற்றினான். முடிந்து, அணைந்து, மறுபடி திறந்தபோது இரண்டு வரிகள் வரவில்லை. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஏதோ ஒரு வரி, அதன் கீழே ஒரு கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அவன் பக்கமும் இல்லை, என் பக்கமும் இல்லை. அண்ணனின் முகம் வெளுத்ததைப் பார்த்து முதலில் நன்றாக வேண்டும் என்றிருந்தது. என் படங்கள் நினைவுக்கு வந்ததும் ஓவென்று அழுதேன்.

நாமக்கல்லில் ஒரு கடையில் காட்டினான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னவன், "என்ற பக்கம் பெருசா ஒண்ணுமில்லீங்கப்பா. அவ பக்கம் கோழிப் படந்தானே, மறுபடி வரைஞ்சுக்குவா" என்றான்.

கோழிப் படந்தானே! சொன்னது என் அண்ணன். நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "வேண்டாம் மச்சான். அவ படமெல்லாம் போயிருமுங்க. வேற வழி இருக்கும், தேடலாம்."

அண்ணன் எனக்காகப் பேசாததுகூட ஆறிவிட்டிருக்கும். அவள் எனக்காகப் பேசியது ஆறவே இல்லை. என் படத்துக்குப் பரிந்து பேச இவள் யார்?

இரண்டு பேரும் போனில் தேடினார்கள். மறுநாள் மத்தியானம் அப்பா அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்தேன். "மச்சான், லேப்டாப்பை எடுங்க. இன்னைக்கே பாத்துரலாம்" என்றாள்.

கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். என்ன கோளாறு என்று அப்பா கேட்டார். அவள் எங்கள் பண்ணையை வைத்தே எங்களுக்கு விளக்கினாள். "போன வருஷம் நீங்க நடுவுல புதுச் செட்டுப் போட்டு, நம்பரெல்லாம் மாத்தி எழுதினீங்களாமே மாமா. தீவன லாரிக்காரர் பழைய நம்பரைப் பாத்து வேற செட்டுல மூட்டையை இறக்கிட்டாருன்னு அத்தை சொன்னாங்க. அதேதானுங்க. புது விண்டோஸு தனக்குன்னு ஒரு சின்னச் செட்டை நடுவுல போட்டுக்கிச்சு. வாசல்ல நின்னு ரண்டு பக்கத்துக்கும் வழி காட்டறது இன்னும் பழைய நம்பர்லயே போய்த் தேடுது. யாரும் எங்கயும் போகலீங்க. நம்பர்தான் மாறியிருக்குது."

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. புரிந்ததுதான் எரிச்சல்.

அவள் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அண்ணன் அடித்தான். ஒவ்வொரு நம்பராகத் தட்டினார்கள். ஒன்றில் ஒன்றும் இல்லை, அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததைத் தட்டியதும் திரை நிறையப் பெயர்கள் கொட்டின. "இதுதானுங்க!" என்று அவள் கையைத் தட்டினாள். இன்னும் சில வரிகள் அடித்தார்கள். பொலபொலவென்று எழுத்துகள் ஓடி, என் பக்கம் திறந்து நின்றது. அண்ணன் பக்கம் அல்ல. என் பக்கம்! அண்ணன் பக்கத்துக்குப் போவதற்கே இனி என் பக்கம் வழியாகத்தான் சரி செய்ய வேண்டுமாம். வாசலுக்குப் புது நம்பரை நிரந்தரமாகச் சொல்லிவைக்க என் பாஸ்வேர்டு வேண்டுமாம்.

எனக்கு அப்போது வந்த மிடுக்கு மந்திரிக்குக்கூட வராது. எல்லோரையும் முகத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு, பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே நுழைந்தேன். அது சரியாகப் போனது. அப்புறம் அவள் ஒரு கறுப்புச் சதுரத்தைத் திறந்து ஏதோ சில வரிகள் அடித்துவிட்டு, மறுபடி பாஸ்வேர்டைப் போடச் சொன்னாள். போட்டேன். அங்கே நான் அடிக்க அடிக்கத் திரையில் ஒன்றுமே வரவில்லை, புள்ளிகூட வரவில்லை. விசை வேலை செய்யவில்லை என்று நினைத்து ஓங்கி ஓங்கித் தட்டினேன். தவறு என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி தவறு.

"அங்க எழுத்துத் தெரியாது அம்மிணி. அடிச்சுட்டே போ" என்றாள் அவள். அவள் சொன்னதால் எனக்கு இன்னும் பதறியது.

"கரண்டு போறதுக்குள்ள சொல்லித் தொலையேன். சார்ஜு வேற கொஞ்சந்தான் இருக்குது" என்று அண்ணன் கத்தினான். அவன் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் எதிரில் கத்திவிட்டான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊருக்குப் போ! அதுதான்! ஊருக்குப் போ!" என்று அவளைப் பார்த்தே கத்தினேன்.

முதலில் அம்மாவுக்குத்தான் புரிந்தது. "அடி கழுதை" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அத்தை மகள் குறுக்கே கையை நீட்டினாள்.

"அடிக்காதீங்க அத்தை. குழந்தை பாஸ்வேர்டைத்தானே சொல்லுச்சு." லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "சொல்லு அம்மிணி, எந்த எழுத்துல ஆரம்பிக்குது?"

நான் விசும்பிக்கொண்டே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். முகம் மாறவே இல்லை. இந்த முறை ஏற்றுக்கொண்டது. வரிகள் ஓடி முடிந்ததும் அணைத்துத் திறந்தாள். கறுப்புத் திரையில் பழையபடி இரண்டு வரிகள் நின்றன. என் பக்கம் மேலே இருந்தது. எதையும் தொடாமல் விட்டால் சில வினாடிகளில் தானாகவே என் பக்கம் திறந்துகொண்டது. தன் பக்கத்தை மேலே மாற்றட்டுமா என்று அண்ணன் கேட்டான். "இருக்கட்டுங்க மச்சான். அவ பக்கமே முதல்ல இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் காலை அவளுடைய அப்பா காரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

என் பாஸ்வேர்டின் சக்தியை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. கார் பண்ணைச் சாலையைத் தாண்டும் வரை கையை ஆட்டினேன். லேப்டாப் எங்கள் வீட்டிலேயே இருந்தது. என் படங்களும் இருந்தன. அடுத்த வேளையிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் கீறல் முட்டைதான்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் அவளுக்கு மாப்பிள்ளை முடிவு செய்திருந்தார்கள் என்பதும், படிக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டு, தாய்மாமன் சொன்னால் தன் அப்பா கேட்பார் என்று நம்பி எங்களிடம் வந்திருந்தாள் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் சொல்லுக்கு அத்தனை எடை உண்டு. அப்பா போனில் பேசத்தான் பேசினார். அவர்கள் கேட்கவில்லை, இவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. விடிந்தால் கார் வருகிறது என்பதைத்தான் அன்று மத்தியானம் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு வந்துதான் முகத்தைக் கழுவிக்கொண்டு, எங்கள் லேப்டாப்பைச் சரி செய்ய உட்கார்ந்திருக்கிறாள்.

அதன்பின் அண்ணன் தன் பக்கத்துக்குப் போவதையே விட்டுவிட்டான். பொத்தானை அமுக்கிவிட்டு எதையும் தொடாமல் உட்கார்ந்திருப்பான். என் பக்கம் திறந்ததும், "வா சாமி, உன்ற பூட்டைத் திற" என்று என்னைக் கூப்பிடுவான். நான் ஓடிப்போய்ப் பாஸ்வேர்டைப் போடுவேன். அந்தக் கறுப்புச் சதுரத்தைத் திறந்து, மேல்நோக்கிய அம்புக்குறி விசையை அமுக்குவான். அன்றைக்கு அவள் அடித்த வரிகள் ஒவ்வொன்றாக வரும். எல்லாம் வந்து முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பான். படிக்கிறான் என்று நினைத்தேன். எப்படியோ, அண்ணன் என் பக்கம் வந்துவிட்டான்.

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அப்பா தாய்மாமன் சீர் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்தோடு முன்னால் போனார். அண்ணன் பந்தியில் பரிமாறினான். வீடு திரும்பிய அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து என்னைக் கூப்பிட்டான். நான் பாஸ்வேர்டை அடிப்பதை, விரல் விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமி, அதை மாத்திரு" என்றான்.

"எதுக்குண்ணா?" என்றேன். "நல்லாத்தானே வேலை செய்யுது!"