பால்கார அண்ணாச்சியும் சிவந்த தகடும்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த நாலைந்து வருஷங்களில் நான் வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. அலுமினியத் தகட்டை அமிலத்தில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் அதன்மேல் ஒரு படலம் வளரும். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் லட்சக்கணக்கில் இருக்கும். அமிலம் சில்லென்று இருந்தால்தான் துளைகள் ஒழுங்காக வரும். கோவில்பட்டி வெயிலில் அதற்காக சர்பத் கடையில் ஐஸ்கட்டி வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஓடுவேன். பிறகு துளைகளின் உட்சுவரில் ஒரு ரசாயனத்தைப் பூசுவேன். துவரையை ஊறவைத்து அரைத்து எடுத்த நொதியை அந்தப் பூச்சு பிடித்து வைத்துக்கொள்ளும். யூரியா பட்டால் நொதி அதை உடைக்கும்; அதில் வெளிவரும் அம்மோனியாவால் தகட்டில் ஏற்றியிருக்கும் மஞ்சள் சாயம் சிவக்கும். பாலில் யூரியா கலக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம். அதைக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி.

முதல் தகடுகள் தயாரானதும் பெருமை தாங்காமல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா உடனே காலையில் வாங்கிய பாலை ஒரு டம்ளரில் ஊற்றி நீட்டினாள். தகட்டைப் போட்டேன். மூன்று நிமிஷத்தில் சிவந்துவிட்டது. பொறு, இன்னும் சரிபார்க்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பக்கத்து வீட்டில் இருந்தாள். மறுநாள் எங்கள் தெருவில் மூன்று வீடுகள் பாலை நிறுத்திவிட்டன.

பால்கார அண்ணாச்சி பசுவந்தனை ரோட்டில் மாடு வைத்திருந்தவர். சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"யூரியாவைப் பருத்திக்குப் போடுதேன் தாயி. பாலுக்குப் போடுவேனா? நாளைக்குக் காலையில வா. ஒங் கண்ணு முன்னால கறக்கேன்."

போனேன். செம்பைக் கழுவி, கவிழ்த்துக் காட்டி, பசுவிடம் உட்கார்ந்து கறந்தார். சூடு ஆறாத பாலில் தகட்டைப் போட்டேன். அதுவும் சிவந்தது. அண்ணாச்சி தகட்டைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார்.

"அப்ப இவளே போட்டுக்கிட்டாளோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று நூலகத்தில் உட்கார்ந்து தேடியபோதுதான் தெரிந்தது, உண்மையில் அவளேதான் போட்டிருந்தாள். எந்தப் பசுவின் பாலிலும் இயல்பாகவே கொஞ்சம் யூரியா இருக்கும். சுத்தமான பாலை முதலில் சோதித்திருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த அந்தப் பாடத்தை நான் விட்டிருந்தேன். சாயங்காலமே அம்மாவையும் இழுத்துக்கொண்டு மூன்று வீடுகளுக்கும் போய், தப்பு என்னுடையது, பாலில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அண்ணாச்சியிடமும் மன்னிப்புக் கேட்டேன். மூன்று வீட்டிலும் அவர் மறுபடி பால் ஊற்றத் தொடங்கியபிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

தகட்டில் குறை, யூரியா துளைக்குள் தாராளமாக நுழைந்துவிடுவதுதான். எனவே துளைகளின் வாயில் மட்டும் நீர் ஒட்டாத இன்னொரு பூச்சைக் கொடுத்து, வழியைக் குறுக்கிப் பார்த்தேன். பூச்சு கூடினால் எதுவுமே நுழையவில்லை. குறைந்தால் பழையபடி எல்லாம் சிவந்தது. அளவு பிடிபட ஏழெட்டு மாதம் ஆனது. அதுவரை வாரம் ஒரு லிட்டர் சுத்தமான பால் தந்தவர் அண்ணாச்சிதான். கலப்படப் பாலும் வேண்டுமே என்றதும் தன் உரச் சாக்கிலிருந்தே ஒரு பொட்டலம் யூரியா கொண்டுவந்தார். கையாலே ஒரு சிட்டிகை எடுத்துப் பாலில் போட்டுக் கலக்கினார்.

"இன்னைக்கித்தான் போடுதேன், சாட்சி நீதான்" என்று சிரித்தார்.

ஒருவழியாக ஒரு தகடு சரியாக வந்தது. கறந்த பாலில் ஐந்து நிமிஷம் கிடந்தும் மஞ்சளாகவே இருந்தது. யூரியா போட்ட பாலில் இரண்டே நிமிஷத்தில் சிவந்தது. பத்துத் தடவை திருப்பிச் செய்தும் அதேதான். என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டுவதற்கு முன்பே, இரண்டு டம்ளர்களையும் எங்கள் வீட்டு வாசலில் வைத்து அண்ணாச்சிக்குக் காட்டினேன். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சி குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, பாலில் தண்ணி இருந்தால் இது காட்டுமா என்று கேட்டார்.

காட்டாது என்றேன்.

"அப்ப நல்ல கண்டுபிடிப்புதான் தாயி" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.