நடுவில் இறங்குவதில்லை

முதல் தடவை அது வந்தபோது செத்துப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. பதினாறு வருடமாக ஆங் மோ கியோவிலிருந்து தினமும் அதே ரயில். அன்று கிராஞ்சி நிலையத்தைத் தாண்டியதும் காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சு தொண்டையோடு நின்றது. அடுத்த நிலையத்தில் ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். மருத்துவமனையில் எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, இது பேனிக் அட்டாக், திடீரென்று வரும் பயம்தான் என்றார்கள்.

நிம்மதி வரவில்லை. வெட்கமாக இருந்தது. மூன்று வாரம் ரயில் பக்கமே போகாமல் பஸ் மாறி மாறி வேலைக்குப் போனேன். ஒருநாள் பஸ்ஸிலும் அது வந்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

என் கணவர் அன்பாகத்தான் சொன்னார்: "வேலைய விட்டுடேன். வீட்டுல இருந்தா நிம்மதியா இருப்பல்ல."

"இன்னைக்கு ரயில விடுறேன். நாளைக்கு வேலைய. அப்புறம் தேக்கா மார்க்கெட்ட. கடைசியா எந்த ரூம்ல போய் உக்காரச் சொல்றீங்க?" என்றேன்.

அரசு பாலிகிளினிக்கில் ஓர் இளம் மருத்துவர், சீனப் பெண், என்னிடம் பொறுமையாகப் பேசினார். அது ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும்; ஆளைக் கொல்லாது என்றார். பாதியில் ஓடி இறங்கினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நம்பிவிடுமாம். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள் என்றார். "அமைதியா இரு" என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

மறுநாளே ரயிலேறினேன். கிராஞ்சிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, செருப்புக்குள் கால்விரல்களை அழுத்தி ஊன்றி, மெழுகுவத்திச் சுடரை அணைக்காமல் ஆட்டுவதுபோல மெல்ல ஊதினேன். வியர்வை முதுகில் வழிந்தது. மனதுக்குள், 'வா, எவ்வளவு நேரம் இருப்பே, பாத்துடுறேன்' என்றேன். இரண்டு நிலையம் வரை கூடவே இருந்தது. பிறகு போனது. ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இதற்கிடையில் எங்கள் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலியில் முதல் வாசகம் படிக்கும் முறை எனக்கு வந்தது. வாசகர்களைக் கவனிக்கும் அக்காவுக்கு விஷயம் எட்டியிருந்தது. வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லட்டுமா என்று தனியாக அழைத்துக் கேட்டார்.

"இல்லக்கா. என் பேரு போட்டிருக்கு. நான்தான் படிப்பேன்."

மூன்றாவது வரியில் அது வந்தது. எழுத்துகள் அலைந்தன. ஒலிபெருக்கியில் என் மூச்சு எனக்கே கேட்டது. அந்த அக்கா முதல் வரிசையிலிருந்து எழுந்து வருவதற்குத் தயாரானார். நான் அவரைப் பார்த்துத் தலையசைத்தேன், வேண்டாம் என்று. வாசக மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ இருமினார்கள். நான் அவசரப்படவில்லை, நீளமாக நாலு மூச்சு விட்டேன். பிறகு அதே வரியை முதலிலிருந்து எடுத்துக் கடைசிவரை படித்தேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திருப்பலி முடிந்து வெளியே காப்பி குடிக்கும்போது, உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள். தலைசுற்றல் என்று சொல்லியிருக்கலாம். "பேனிக் அட்டாக். வந்துச்சு, போயிடுச்சு லா," என்றேன். அவர்கள் பேச்சை மாற்றினார்கள். பக்கத்தில் நின்ற ஓர் இளம்பெண் மாற்றவில்லை. எல்லோரும் நகர்ந்த பிறகு, தனக்கு அது லிஃப்டில் வருகிறது என்று மெதுவாகச் சொன்னாள். வீடு பதினோராவது மாடி. எட்டு மாதமாகப் படியில்தான் ஏறுகிறாளாம். அம்மாவிடம் எக்சர்சைஸ் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் இருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குப் போனேன். லிஃப்டுக்குள் போனதும் என் கையைப் பிடித்தாள். ஆறாவது மாடியில் அவள் மூச்சு தாறுமாறானது. என் மோதிரம் விரலில் அழுந்தி வலித்தது. "வெளிய விடு, இன்னும் நீளமா," என்று மட்டும் சொன்னேன். பதினொன்றில் கதவு திறந்தது. அவள் முகம் நனைந்திருந்தது. வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"அக்கா, இன்னொரு தடவ போலாமா?" என்று கேட்டுவிட்டு, அவளே கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினாள்.