எஞ்சினுக்கு வந்த தண்ணீர்

அறுபதுகளில் மதுரையிலிருந்து கழுகுமலைக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலா பஸ்ஸில், என் பக்கத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வழிகாட்டி எதைக் காட்டினாலும் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியையே பிடித்திருந்தார்.

கோவில்பட்டி தாண்டி, பருத்திக் காடுகளுக்கு நடுவே எஞ்சின் கொதித்து பஸ் நின்றது. அவர் ஜன்னலுக்கு நேரே ஒரு சின்ன ஊர்.

"இங்க பாக்க ஒண்ணுமில்ல, யாரும் இறங்க வேண்டாம்" என்றார் வழிகாட்டி.

"எங்க ஊருதான் தாயி" என்றார் அந்த அம்மாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"வேத்துச் சாதியில கட்டிக்கிட்டேன்னு எங்க அப்பா அன்னைக்கே தலைமுழுகிட்டாவ. செத்தவ எப்படித் தாயி ஊருக்குள்ள போவா?"

கிளீனர் ஊர்க் கிணற்றிலிருந்து தகர டின்னில் தண்ணீர் கொண்டுவந்தான். அந்த அம்மாள் பஸ்ஸின் கடைசிப் படிவரை இறங்கி, மண்ணில் கால் வைக்காமல் குனிந்து கைகளைக் குவித்தார்.

"எஞ்சினுக்கு ஊத்துறதும்மா, ஒரே உப்பு."

"தெரியும் தம்பி, ஊத்து."

கழுகுமலையில் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கவே இல்லை. நாங்கள் ஏறிப்போய்ப் பார்த்த சிற்பங்களில் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில்லை. திரும்பி வந்தபோது அவர் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகையில் ஊர் அந்தப் பக்கம்தான் வரும்.