பச்சைக்கு ஏறிய மிதவை

துறைமுகத்துக்குப் பக்கத்திலிருக்கும் சின்னப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டோரம் எனக்கு ஒரு பேட்டரிக் கடை. லாரி பேட்டரிகளைச் சோதித்துச் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பதும் புதிது விற்பதும்தான் பிழைப்பு. "ஹாரன் அடிக்கி, லைட் எரியுது, பேட்டரி நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஹாரன் அடிக்க என்ன தெம்பு வேண்டும், இன்ஜினைச் சுற்றும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும் என்று வகுப்பெடுத்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் இதைச் செய்தேன்.

என் மனைவியின் தம்பி சொந்தமாக ஒரு ட்ரெய்லர் வைத்து ஓட்டுகிறான். உப்பு ஏற்றுமதி செய்கிற ஒருவர் அவனுக்கு முதல் கண்டெய்னரைக் கொடுத்திருந்தார். மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்குள் அதைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டால், இனி அவர் லோடெல்லாம் இவனுக்குத்தான். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கடைக்கு வந்தான்.

"ஒரு தடவ பாத்துச் சொல்லிருங்க அத்தான். நாளைக்கு எங்கனயும் நின்னுரக் கூடாது."

வண்டியில் இருந்த இரண்டு பேட்டரியும் நான் விற்றவை. மூடிகளைத் திறந்து, ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஹைட்ரோமீட்டரில் ஆசிடை உறிஞ்சிப் பார்த்தேன். உள்ளே இருக்கும் மிதவை பச்சையில் நின்றால் நல்ல செல், சிவப்புக்கு இறங்கினால் கெட்டது. பன்னிரண்டு செல்லில் பதினொன்று பச்சை. இரண்டாவது பேட்டரியின் நடு செல் ஒன்றில் மட்டும் மிதவை முங்கிப் போனது.

அவன் என் தோளை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். போகிற இடமெல்லாம் 'எங்க அத்தான் கட பேட்டரி' என்று பெருமை அடிப்பவன். எனக்கு வாய் தானாகப் புளுகியது.

"ஆசிட் கொஞ்சம் கம்மியா இருக்கு மாப்ளே."

கேனை எடுத்து அந்த செல்லில் ஆசிட் ஊற்றினேன். செத்த செல்லில் ஊற்றினாலும் மிதவை ஏறத்தான் செய்யும். வேறு கடைக்காரன் இதைச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். மிதவை பச்சைக்கு வந்தது. "பாத்தியா?" என்றேன். பேட்டரியின் உண்மையான தெம்பை அளக்கும் லோடு டெஸ்டர் தலைக்கு மேலே ஆணியில்தான் தொங்கியது. வைத்திருந்தால் முள் சாய்ந்து உண்மையைச் சொல்லியிருக்கும். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கு போன் வந்தது.

"அத்தான், துறைமுகத்துக்குள்ள கண்டெய்னர ஸ்கேன் பண்ணுத எடத்துல இன்ஜின ஆஃப் பண்ணச் சொன்னாவ. இப்ப வண்டி எடுக்க மாட்டேங்கு."

கடையில் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரி ஒன்றைப் பைக்கில் கட்டிக்கொண்டு பறந்தேன். துறைமுக வாசலில் நிறுத்திவிட்டார்கள். பாஸ் இல்லாமல் ஈ கூட நுழைய முடியாது. கெஞ்சினேன், கத்தினேன். காவலுக்கு நின்றவர், "நாளைக்கு எழுதிக் குடுத்து பாஸ் வாங்கிட்டு வாங்க" என்றார். மதில் ஓரத்தில் பேட்டரியை இறக்கி வைத்துவிட்டு அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"மாப்ளே, பக்கத்து வண்டில இருந்து வயர் போட்டு எடு. எடுத்துரும்."

"அதெல்லாம் வேண்டாம்த்தான். இங்கன எல்லாரும் பேட்டரிதான்னு சொன்னாவ. எங்க அத்தான் நேத்துதான் பாத்துக் குடுத்தாவ, அதுல குறையே இருக்காதுன்னு சொல்லிட்டேன். ஸ்டார்ட்டர்தான் போயிருக்கு. கழட்டிக் கீழ வச்சாச்சி."

"ஏலே, பேட்டரிதாம்ல! ஒரு செல்லு செத்துப் போச்சி. நான்தான் ஆசிட் ஊத்தி மறச்சேன்."

போனில் யாரோ ஸ்பானரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

ஸ்டார்ட்டரைத் திரும்ப மாட்டி, வயர் போட்டு வண்டியை எடுக்கையில் மணி நாலே முக்கால். நேரம் தாண்டிவிட்டது என்று துறைமுகத்தில் கண்டெய்னரை எடுத்துக்கொள்ளவில்லை. ஏற்றிய லோடோடு வெளியே வந்து என் பக்கத்தில் நிறுத்தினான். இனி லோடு கிடையாது என்று உப்புக்காரர் போனிலேயே கணக்கை முடித்துவிட்டாராம். திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. இன்ஜினை அணைக்கப் பயந்து ஓடவிட்டபடியே இறங்கி வந்தான். மதில் ஓரம் இருந்த பேட்டரியைக் குனிந்து பார்த்தான்.

"இது நேத்தும் கடைல இருந்துச்சா அத்தான்?"

"இருந்துச்சி."

"சொல்லியிருந்தா இதயே போட்டுட்டு வந்திருப்பேனே" என்றான்.