தாவீது வெட்டாத ஆடு

ஆட்டக் கூட்டாளி தாவீது தன்னை ஏமாற்றுகிறான் என்று சாலமோனுக்குச் சந்தேகம் வந்தது 2006-இல், தொண்ணூற்றொன்றாவது வயதில்.

அதற்கு முன்பும் அவர் யாரையும் லேசில் நம்பியவரில்லை. கூலிக்கு அறுத்த காலத்தில் நெல் அளந்து போடும் மரக்காலை நம்ப மாட்டார். கல்பாக்கத்தில் அணு உலை கட்ட மண் சுமந்து, ஐம்பது வயசுக்கு மேல் அங்கேயே தோட்ட வேலைக்குப் போன பிறகு மேஸ்திரியின் கடிகாரத்தை நம்பவில்லை. இப்போது மருமகள் பிரிசில்லாவை. "மாமாவுக்குப் புத்தி தடுமாறுதோன்னு பயமா கீது" என்று அவள் செல்போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்துவிட்டது. தடுமாற்றம்தான் என்று முடிவுகட்டிவிட்டால் வீட்டைவிட்டு வெளியே விடமாட்டார்கள். அதனால் வாயைத் திறக்குமுன் இரண்டு தரம் யோசித்தார்.

சிறுசேரி சாலை பஸ் நிழற்குடையில்தான் தினமும் ஆடுபுலி ஆட்டம். சிமெண்டு பெஞ்சில் கரிக்கோடு. சாலமோனுக்குப் புளியங்கொட்டை ஆடுகள். இரண்டு வயது இளைய தாவீதுக்குக் கூழாங்கல் புலிகள். ஐம்பது வருஷமாக அந்தப் புலிகளிடம் இவர் ஆடுகள் பிழைத்தது அபூர்வம். அப்பேர்ப்பட்டவன் ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டே இருந்தான்.

பிரிசில்லாதான் சொல்லிக்கொடுத்திருப்பாள். கிழவன் மனசு நோகாமல் விட்டுக்கொடு என்றிருப்பாள். சாலமோனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதித்துவிடுவது என்று ஓர் ஆட்டை வேண்டுமென்றே புலியின் மூக்கடியில் வைத்தார். அதற்குப் பின்னால் இடம் காலி. சின்னப் பிள்ளைகூடத் தாண்டி வெட்டும். தாவீது கல்லை வேறு பக்கம் நகர்த்தினான்.

"இன்னாடா, எனுக்குப் பிச்ச போடுறியா? என் மூள மயங்கிப் போச்சுன்னு அவ சொன்னாளா?"

தாவீது கோடுகளை வெகுநேரம் பார்த்தான். பிறகு வெட்கத்தோடு கேட்டான்.

"கோவிச்சிக்காத அண்ணாத்த. இதுல எது என்னுது? கல்லா, கொட்டையா?"

சாலமோன் அவன் முகத்தைப் பார்த்தார். பாவி, இவன் நிஜமாகவே விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா! பிரிசில்லா சொல்லித்தான் தோற்றான் என்று இருந்திருக்கக் கூடாதா!

"கல்லுதான்டா" என்றார். அவன் கையைப் பிடித்துக் கல்லை எடுக்கவைத்து, தன் ஆட்டைத் தாண்டி வைக்கச் செய்தார். அடுத்த ஆட்டையும் வாகாக வைத்தார்.

சாயங்காலம் கேன்டீன் வேலை முடிந்து கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய பிரிசில்லா, "யாரு மாமா கெலிச்சது?" என்றாள்.

"இவன்தான். எங்க வெக்கிறேன், எதுக்கு வெக்கிறேன்னே எனுக்குத் தெரியல. சும்மா சும்மா வெட்டு குடுத்துகினு கீறேன்."

தாவீது பொக்கைவாய் கொள்ளாமல் சிரித்தான். பிரிசில்லா சிரிக்கவில்லை. மாமனாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நாளைலேர்ந்து வூட்லயே இருங்க மாமா."

"சரிம்மா" என்றார் சாலமோன். "இன்னிக்கி மட்டும் இவன அவன் வூட்டு வாசல் வரைக்கும் வுட்டுட்டு வந்துடறேன்."