தேக்கந்தோப்பில் நான் திறந்த கெபி

போன வாரம் நான் ஒரு கெபி கட்டினேன். தெரியாமல்தான்.

கெபி என்றால்... குகை மாதிரி அமைத்து, உள்ளே மாதா சுரூபம் வைத்திருப்போமே, அதுதான். முறைப்படி கட்டுவதென்றால் ஊர் கூட வேண்டும், பங்குச்சாமியார் சம்மதிக்க வேண்டும், கொத்தனார் கிடைக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளி போதுமாக இருந்தது. அப்புறம் மகள் கொண்டுவந்த டென்ட்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

என் மகள் சகாயராணி நர்ஸ். வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு தேசத்தில் வேலை. லீவில் வந்தவள் அரியலூர் வீட்டுக் கூடத்தில் பெட்டியைத் திறந்தாள். சாக்லேட் வந்தது. சென்ட் வந்தது. என் முழங்காலுக்குத் தைலம் வந்தது. கடைசியாக, சுருட்டின பாய் மாதிரி ஒன்று வந்தது.

"டென்ட்டுப்பா. கேம்பிங் போறதுக்கு."

அங்கே லீவு கிடைத்தால் காட்டுக்குள் போய், ஆற்றோரமாக இதை விரித்து, ரெண்டு நாள் சும்மா கிடந்துவிட்டு வருவாளாம். சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க பாத்தாலும் மரம்ப்பா. ஆறு போற சத்தம் மட்டும்தான் கேக்கும். பக்கத்து டென்ட்டுல ஆளு இருக்கறதே தெரியாது. யாராச்சும் சத்தமாப் பேசுனா, காவலுக்கு இருக்கறவரு வந்து 'மெதுவா'ன்னு சொல்லிட்டுப் போவாரு."

என் மனைவி ஆரோக்கியத்தை உங்களுக்குத் தெரியும். நான் எழுதுகிற இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னை அடிக்கடி திருத்துகிறவள். "நல்ல வூட்ட வுட்டுட்டு காட்டுல போயி படுக்குறதுக்கா கடல் தாண்டிப் போன?" என்றாள்.

"நாமளும் போவம்மா. கொள்ளிடத்துக்கு. ஒரே ஒரு ராத்திரி, நாம மூணு பேரு மட்டும். உங்ககிட்ட நிதானமாப் பேசணும்."

நிதானமாப் பேசணும் — எனக்குப் புரிந்துவிட்டது. பெரம்பலூர் விஷயம்.

பெரம்பலூரில் ஒரு வரன் பார்த்திருந்தோம். பூர்வீகம் வரதராசன்பேட்டை. வாத்தியார் குடும்பம், பக்தியான குடும்பம். பையனும் பெண்ணும் போனில் பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்வதாக நான் பாதி வாக்கு கொடுத்திருந்தேன். பாதி வாக்கு என்று ஒன்று உண்டா என்று கேட்காதீர்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கு உண்டு.

எனக்கு ஏன் அவ்வளவு அவசரம்? வெளியே சொன்ன காரணம், நல்ல இடம். உள்ளே இருந்த காரணம் வேறு. பெரம்பலூர் என்றால் பஸ் ஏறினால் மகள் வீடு. ஏரோப்ளேன் வேண்டாம், விசா வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நினைத்தபோது போகலாம். சரி என்றுதான் சொல்லப் போகிறாள், அதை ஆற்றோரமாகச் சொல்ல ஆசைப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

ஏலாக்குறிச்சிக்கு இந்தப் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டி என் மச்சானுக்கு ஒரு தேக்கந்தோப்பு இருக்கிறது. அங்கேதான் போவதென்று ஏற்பாடு. "ஆளுக்கு ஒரு மாத்துத் துணி, ஒரு போர்வை, போதும்" என்றாள் மகள்.

நாங்கள் சாமான் ஏற்ற ஒரு குட்டியானை வண்டி பிடித்தோம்.

கேஸ் அடுப்பு, குக்கர், தூக்குச்சட்டியில் புளிச்சோறு, இன்னொன்றில் தயிர்ச்சோறு, ரெண்டு நாற்காலி, தண்ணீர் கேன், பிளாஸ்டிக் வாளி, என்னுடைய டேபிள் ஃபேன். ஃபேன் ஓடாமல் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டு வாசலில் ராத்திரி பூராவும் சிமெண்ட் லாரி போகும். லாரிச் சத்தத்தை அமுக்க ஃபேன் சத்தம், ஃபேன் சத்தத்தை அமுக்க என் குறட்டை... இப்படியே பழகிவிட்டது. தோப்பில் இறக்கி வைத்த பிறகுதான் மகள் கேட்டாள்:

"கரண்ட்டு எங்கப்பா இருக்கு?"

தேக்குமரத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தேன். பிளக் பாயின்ட் இல்லை.

டென்ட் அடிக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். பெயின்ட் கடை வைத்திருக்கிறவன், சாரம் கட்டுகிறதைப் பார்த்தே வளர்ந்தவன், ஒரு துணியை நிமிர்த்த முடியாதா? முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் நான் துணிக்குள் இருந்தேன். வெளியே வர வழி தெரியவில்லை. "ஏங்க, அங்கேயே இருங்க, கொசு கடிக்காது" என்று ஆரோக்கியத்தின் குரல் மட்டும் கேட்டது. மகள் என்னை விலக்கிவிட்டு, தனியாளாக நின்று நாலு குச்சியை வளைத்து நிமிர்த்திவிட்டாள். நீலமும் வெள்ளையுமாக, வளைந்த வாசலோடு அழகாகத்தான் இருந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுக்கூரை எதுவானாலும் ஜெபித்து, தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் அதன் கீழே படுக்க மாட்டோம். கடைக்குத் தகரக் கொட்டகை போட்டபோதுகூட சாமியாரைக் கூட்டிவந்தேன். டென்ட்டுக்குச் சாமியாரைக் கூப்பிட்டால் நன்றாக இருக்காது என்பதால் தீர்த்தம் பாட்டிலும் வீட்டு மாதா சுரூபமும் கொண்டுபோயிருந்தோம். வாளியைக் கவிழ்த்து டென்ட் வாசலில் வைத்தேன். வெள்ளைத் துண்டு விரித்தேன். மேலே மாதா. சாமந்திச் சரம். காற்றில் அணையாமல் இருக்க டம்ளருக்குள் மெழுகுவத்தி.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். நீலமும் வெள்ளையும் மாதாவின் நிறம். வாசல் குகை மாதிரி. எனக்கே மண்டியிடத் தோன்றியது.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

பொழுது சாய்ந்தது. ஆற்றில் குளித்துவிட்டு வந்த மகள் உடை மாற்ற டென்ட்டுக்குள் போய் ஜிப்பை இழுத்துக்கொண்டாள். "மாத்திட்டு வரேன்ப்பா. உக்காந்து பேசுவம்."

அந்த நேரம் பார்த்து, கடலை பறித்துவிட்டுக் கரை மேலே போன பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அதில் பாப்பாத்தி என்ற அம்மாள் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றினார்.

"காலையில போறப்ப இங்க ஒண்ணும் இல்லியேங்க?"

"இது கோயில் இல்லம்மா. டென்ட். நாங்க படுக்கிறதுக்குப் போட்டிருக்கோம்."

"இருக்கட்டுங்க. மாதா இருக்காங்கல்ல." மடியிலிருந்து ஒரு கை பச்சைக் கடலையை எடுத்து வாளி முன்னால் குவித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

கும்பிடுகிறவரை எழுப்பி விடுகிற தைரியம் எனக்கு இந்த வயது வரை வரவில்லை. ஆரோக்கியம் அந்தக் கடலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்தால்தான் நான் பயப்பட வேண்டும்.

அடுத்து வந்தார்கள், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். காவி உடை, கொடி, தள்ளுவண்டியில் சின்ன சப்பரம், பேட்டரி ஸ்பீக்கர். ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து நடக்கிறார்களாம். ராத்தங்கலுக்கு ஏலாக்குறிச்சி போகிற வழியில் வெளிச்சத்தைப் பார்த்து இறங்கிவிட்டார்கள். முன்னால் வந்த லூர்து, பெரிய மீசைக்காரர், நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, நீங்கதான் இங்க ஜெபம் நடத்துற உபதேசியாரா?"

"இல்லீங்க. பெயின்ட் கடை."

"அதுனால என்னண்ணே? ஜெபமாலை கையில வச்சிருக்கீங்கல்ல, ஆரம்பிங்க." மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

வாசகர்களே, ஒரு உண்மையைச் சொல்கிறேன். எங்கள் பங்குக் கோயிலில் ஒருநாளும் என்னை ஜெபமாலை சொல்ல விட்டதில்லை. மாலையில் பத்து ஜெபமணியை எட்டில் முடித்துவிடுவேன், இல்லை பன்னிரண்டுக்கு இழுத்துவிடுவேன் என்று பயப்படுவார்கள். இங்கே மைக்கே வந்திருக்கிறது! ஸ்பீக்கர் இருக்கிறது! ஆற்றுக்கு அக்கரை வரை கேட்கும்! மௌனமாவது, கேம்பிங்காவது... வாசலை மாதாவும் கூட்டமும் அடைத்திருக்க, வெளியே வர முடியாமல் உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டேன்.

ஜெபமாலை முடிந்தது. எங்கள் வழக்கப்படி, முடிவில் ஒவ்வொருவரும் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். என்ன வேண்டுதலோ அதைச் சத்தமாகச் சொல்லலாம். சொன்னதும் எல்லாரும் சேர்ந்து 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்போம். லூர்து காலில் வந்த கொப்புளத்துக்காக வேண்டினார். கேட்டருளும். ஒரு அம்மாள் மகன் குடியை விட வேண்டும் என்றார். கேட்டருளும். பறித்த கடலை காய்கிற வரைக்கும் மழை வேண்டாம் என்றார் பாப்பாத்தி. கேட்டருளும்.

என் முறை வந்தது. குரலைச் சரி செய்துகொண்டேன்.

"பெற்றோர் பார்த்து வைத்திருக்கும் நல்ல இடத்துக்கு, ஒரு பிள்ளை மனமுவந்து சம்மதம் சொல்ல வேண்டுமென்று, தாயே, உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

திருப்தியாக மைக்கை லூர்துவிடம் நீட்டப் போனேன். பின்னால் டென்ட் துணிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மெதுவான குரல்தான். ஆனால் டென்ட்டுக்குச் சுவர் கிடையாதே.

"பெத்தவங்க பாத்த எடம் வேணாம்னு சொல்ல முடியாம ஒரு புள்ள வந்த நாள்லேர்ந்து தவிச்சிக்கிட்டு இருக்கு. அதைச் சொல்ற தைரியத்தை அந்தப் புள்ளைக்கும், கேக்குற மனசை அவங்க அப்பாவுக்கும் குடுக்கணும்னு... தாயே, உம்மை மன்றாடுகிறோம்."

கூட்டம் யோசிக்குமா? பழக்கம்!

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

அதில் முதல் குரல், பெரிய குரல், என்னுடையது. மைக் என் கையில்தானே இருந்தது!

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது. ஆரோக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

"உள்ள யாருங்க அந்தப் புள்ள? பாவமா இருக்குங்க" என்றார் பாப்பாத்தி. "அவங்க அப்பா கேப்பாராங்க?"

"கேப்பாருன்னுதான் நெனைக்கிறேன்" என்றேன். மைக்கில்.

எல்லாரும் புறப்பட்டுப் போன பிறகு தோப்பு அமைதியானது. மகள் சொன்ன அந்த அமைதி இதுதான் போலிருக்கிறது. ஆறு போகிற சத்தம் மட்டும் கேட்டது. புளிச்சோறு சாப்பிட்டோம். நாற்காலியும் ஃபேனும் வைத்து அந்த அமைதியை அடைக்கப் பார்த்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அமைதியாக இருந்தால் அவள் பேசிவிடுவாள். பேசினால் நான் கேட்க வேண்டியிருக்கும்.

விடிந்ததும் மகள் ஆற்றோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அவளே கை கொடுத்து உட்கார வைத்தாள்.

"சொல்லும்மா" என்றேன். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் டென்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அவரு நல்லவருதாம்ப்பா. பேசிப் பாத்தேன். ஆனா பேசுனதெல்லாம் நான் வேலை பாக்கற அந்த ஊரைப் பத்தித்தான். விசா எப்பக் கிடைக்கும், அங்க என்ன வேலை கிடைக்கும்... எனக்கு என்ன புடிக்கும்னு ஒரு தடவ கேக்கல. அவரு என்னையக் கட்டிக்கப் பாக்கலப்பா, அந்த ஊரைக் கட்டிக்கப் பாக்குறாரு."

மகளைப் பெரம்பலூருக்குக் கொண்டுவர நான் திட்டம் போட்டால், பெரம்பலூரே பெட்டி கட்டிக்கொண்டு அங்கே கிளம்பத் தயாராக இருந்திருக்கிறது! வாழைப்பழச் சீப்போடு நான் யார் வீட்டுக்குப் போவது?

"அப்ப நீ இங்கேயே திரும்பி வந்துருவியாம்மா?" ஆசை விடவில்லை.

"தெரியலப்பா. இன்னும் முடிவு பண்ணல. முடிவு பண்ணுனா மொதல்ல உங்ககிட்டதான் சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்தி, "மைக் இல்லாம" என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து பெரம்பலூருக்கு, பையனின் அப்பாவுக்குப் போன் போட்டேன். சமாளிக்க ரெண்டு மூன்று பொய் யோசித்து வைத்திருந்தேன். மகள் பக்கத்தில் இருந்ததால் ஒன்றும் வாயில் வரவில்லை. "மன்னிச்சுக்கங்க சார், பொண்ணுக்கு இஷ்டமில்ல" என்றேன். "சரிங்க, நேரடியாச் சொன்னீங்களே" என்று வைத்துவிட்டார். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் முழங்கால் தேய வேண்டினேன்?

இதில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதையெல்லாம் நாம் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சாமி என்ன செய்யும்? பிள்ளைகள் வாயாலேயே பதிலைச் சொல்லி அனுப்புகிறது. நாம் அந்த நேரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

மகள் லீவு முடிந்து போய்விட்டாள். டென்ட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனாள். "அமைதி வேணும்னா விரிச்சுக்குங்கப்பா."

நேற்று மச்சான் போன் பண்ணினார்.

"என்ன மாமா, என் தோப்புல என்ன பண்ணிட்டுப் போனீங்க? டென்ட்டு இருந்த எடத்துல தெனம் யாராச்சும் மெழுகுவத்தி ஏத்திட்டுப் போறாங்க. கடலை வேற குமிஞ்சு கெடக்கு. அங்க வேண்டுனா நடக்குதாமே, நெசமா?"

"நெசந்தான் மச்சான். எனக்கு எதிரா வேண்டுனதே நடந்துருச்சே!"